பாலுண்ணி வந்த குழந்தை: கிள்ளி எடுப்பதா, விட்டுவைப்பதா?

மார்ச் 3, காலை. கேள்வி

அஞ்சு வயசுப் பையன். அக்குள் பக்கமும் விலாவிலும் பதினஞ்சு இருபது பரு, பளபளன்னு முத்து மாதிரி. நடுவுல சின்னக் குழி. தோல் டாக்டர் பார்த்த உடனே மொலஸ்கம், அதாவது பாலுண்ணின்னு சொல்லிட்டார். தானா போயிடும், ஒரு வருஷம் ஆகலாம்னு மருந்தே எழுதாம அனுப்பிட்டார். தொத்துங்கிறார், ஒண்ணும் செய்ய வேண்டாம்ங்கிறார். ரெண்டும் எப்படிப் பொருந்தும்? ஊசியை நெருப்புல காட்டி ஒவ்வொண்ணா குத்தி அந்த வெள்ளையைப் பிதுக்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சுடாதா? வீட்டுல மூணு வயசுத் தங்கச்சி வேற இருக்கா.

மார்ச் 3, மதியம். பதில்

ஊசி வேண்டாம்.

அந்த வெள்ளை உருண்டை சீழ் இல்லை. வைரஸ் நிரம்பி வீங்கிய தோல் செல்கள் மெழுகு போலத் திரண்டு நிற்பது. இந்த நோயில் தொற்றைச் சுமப்பது அதுதான். வீட்டில் குத்திப் பிதுக்கினால் அது உங்கள் நகத்திலும் குழந்தையின் விரலிலும் பக்கத்துத் தோலிலும் ஒட்டும். ஊசி கீறிய கோட்டிலேயே வரிசையாகப் புதிய பருக்கள் முளைப்பது இப்படித்தான். போதாததற்கு ஊசி ஆழமாகப் போனால் தழும்பு விழும், அழுக்கு சேர்ந்தால் பாக்டீரியா தொற்றும் கூட வரும். குழந்தை அடுத்த முறை டாக்டரைக் கண்டாலே அலறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. தொற்றிய நாளுக்கும் பரு தெரியும் நாளுக்கும் இடையே 2 முதல் 7 வாரம் ஆகும், சிலருக்கு 6 மாதம் வரை போகும். இன்று கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் எடுத்தாலும் தோலுக்குள் கிளம்பிக்கொண்டிருப்பது அடுத்த மாதம் வெளியே வரும். ஒரே நாளில் முடிகிற விஷயம் அல்ல.

மார்ச் 3, இரவு

"தொத்தும், ஆனால் ஒன்றும் செய்ய வேண்டாம்" எப்படிப் பொருந்தும் என்று கேட்டதற்குப் பதில் விட்டுப்போனது.

இது அம்மைக் குடும்பத்து வைரஸ். ஆனால் அம்மை மாதிரி ரத்தத்தில் கலப்பதில்லை, காய்ச்சல் தருவதில்லை. தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போவதே இல்லை. அக்கியைப் போல நரம்பில் பதுங்கியிருந்து பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிற குணமும் கிடையாது. எல்லாப் பருவும் போனால் நோயும் போனது.

அப்புறம் ஏன் இத்தனை மாதம் இழுக்கிறது? உடம்பின் எதிர்ப்புச் சக்தி இதைக் கவனிக்காமல் இருக்கும்படி வைரஸ் பார்த்துக்கொள்கிறது. எச்சரிக்கைச் செய்தி கொண்டுபோகும் இன்டர்லூகின்-18 என்ற பொருளைப் பிடித்துக் கட்டிப்போட ஒரு புரதம் வைத்திருக்கிறது. தொற்றிய செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளாமல் தடுக்க இன்னொன்று. ரத்த ஓட்டம் நேராக எட்டாத மேலடுக்கில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்வதால் உடம்பு விழித்துக்கொள்ள நேரமாகிறது. விழித்துவிட்டால் வாரக்கணக்கில் தீர்த்துவிடும்.

பிரிட்டனில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில் குணமாக ஆன சராசரிக் காலம் 13.3 மாதம். 18 மாதம் ஆன பிறகும் 30 சதவீதம் பேருக்கு முழுதாகப் போகவில்லை. 24 மாதத்தில் அது 13 சதவீதம். அதனால் "ஒரு வருஷம்" என்பதைக் கெடு நாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினான்காம் மாதத்தில் பரு இருந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை.

அதே ஆய்வில், வீட்டிலுள்ள வேறு குழந்தைக்குப் பரவியது 41 சதவீதம். தங்கச்சிக்கு வந்தே தீரும் என்பதில்லை, வராது என்றும் சொல்ல முடியாது. செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 4

பரவாமல் தடுப்பது. பலன் தருகிற வரிசையில்.

குளியல். ரெண்டு பேரையும் ஒரே தொட்டியில் உட்கார வைக்காதீர்கள். ஒரே தண்ணீர், ஒரே நார், ஒரே ஸ்பாஞ்ச் எதுவும் வேண்டாம். நாரை அவனுக்குமே நிறுத்திவிடுங்கள். பருவின் மேல் நார் ஓடும் ஒவ்வொரு முறையும் உள்ளிருப்பதைச் சுற்றிலும் பூசிவிடுகிறது. கையால் சோப்புப் போட்டால் போதும். வெதுவெதுப்பான தண்ணீர், 5 முதல் 10 நிமிஷம்.

துண்டு. ஆளுக்கொன்று, வேறு வேறு நிறம். மூணு வயசுக் குழந்தை பெயர் படிக்காது, நிறம் பார்க்கும். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பரு இல்லாத இடத்தை முதலில், பரு உள்ள இடத்தைக் கடைசியில்.

நகம். வாரம் ஒருமுறை ஒட்ட வெட்டி, வெட்டிய முனையை ராவி விடுங்கள். புதிதாக வெட்டிய கூர்மையான நகம் நீளமான நகத்தை விட மோசமாகக் கீறும்.

மூடுவது. சட்டைக்குள் இருப்பதற்குச் சட்டையே போதும். கை, முழங்கால் போல வெளியே தெரிகிற இடத்திலும் சொறிகிற இடத்திலும் மட்டும் பிளாஸ்திரி. தினமும் மாற்ற வேண்டும், ஈரமானால் உடனே. அக்குளில் பிளாஸ்திரி ஒட்டினால் வியர்த்துப் புண்ணாகும். அங்கே தளர்வான, கையுள்ள பருத்தி பனியன் நல்லது. அக்குளில் தோலும் தோலும் உரசுவதால் கைப்பக்கம் ஒன்று, விலாப்பக்கம் ஒன்று என்று எதிரெதிரே ஜோடியாக வரும். நடுவில் துணி இருந்தால் அது குறையும்.

தினமும் எண்ணாதீர்கள். எண்ணும் சாக்கில் தொடுவதும் தடவுவதும்தான் நடக்கும். மாதம் ஒரு போட்டோ, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில். அது போதும்.

மார்ச் 4, மாலை

பள்ளிக்கு அனுப்பலாமா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். அனுப்பலாம். ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கக்கூடிய நோய்க்குக் குழந்தையை வீட்டில் பூட்டி வைக்க முடியாது, அவசியமும் இல்லை. வெளியே தெரிகிற பருவை மூடினால் போதும். நீச்சலுக்கும் போகலாம். தண்ணீர் புகாத பிளாஸ்திரி போட்டு, துண்டும் மிதவைப் பலகையும் தனியாக. மல்யுத்தம் மாதிரி தோலோடு தோல் உரசும் விளையாட்டுக்கு மட்டும், பரு மூட முடியாத இடத்தில் இருந்தால் கொஞ்ச நாள் இடைவெளி விடலாம்.

மார்ச் 6. கேள்வி போட்டவர்

பரு அரிக்காதுன்னு டாக்டர் சொன்னார். ஆனா இவன் ராத்திரி பூரா சொறியறான். பருவைச் சுத்தி வட்டமா சிவந்து, செதில் செதிலா இருக்கு.

மார்ச் 6, இரவு

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். அரிப்பது பெரும்பாலும் பரு அல்ல, அதைச் சுற்றி வந்திருக்கும் எக்ஸிமா, நம் பேச்சில் கரப்பான். பாலுண்ணி உள்ள குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு இது வரும், ஏற்கெனவே வறண்ட தோல் இருந்தால் இன்னும் அதிகம். சொறிந்தால் பரு உடையும், உடைந்தால் புதுசு வரும், புதுசைச் சுற்றி மறுபடி கரப்பான். மூன்று மாதத்தில் பத்து பரு எண்பதாவது இந்தச் சுழலால்தான். பருவை விட்டுவைக்கலாம், கரப்பானை விட்டுவைக்கக் கூடாது.

ஈரப்பசை க்ரீம்: வாசனை இல்லாதது, கெட்டியானது. குளித்து ஒற்றித் துடைத்து, தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே, உடம்பு முழுக்க. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. டப்பாவுக்குள் விரலை விடாதீர்கள். பருவைத் தொட்ட விரலோடு போனால் டப்பாவும் பங்கிட்ட துண்டு மாதிரி ஆகிவிடும். அழுத்தி எடுக்கும் பாட்டில் இல்லாவிட்டால் சுத்தமான கரண்டி. தடவும்போது பரு இல்லாத தோலிலிருந்து பரு உள்ள தோலுக்குப் போங்கள், திரும்பி வராதீர்கள்.

சிவந்த வட்டத்துக்கு: 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் ஆயின்மென்ட் (மிதமான ஸ்டீராய்டு), ஒரு நாளைக்கு ஒன்று அல்லது ரெண்டு முறை, 5 முதல் 7 நாள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள், அக்குள் மெல்லிய தோல் என்பதால் சொல்கிறேன். அளவு: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது, விரல்களையும் சேர்த்து, பெரியவரின் ரெண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். பருவின் தலையில் குவிக்க வேண்டாம், சுற்றியுள்ள சிவப்பில் மெல்லிசாக.

மார்ச் 7

"ஸ்டீராய்டு போட்டா எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு வைரஸ் கொழுத்துடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பயம் நியாயமானது, முடிவு சரியில்லை. வீரியமான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பருவின் மேலேயே பூசினால் அப்படி நடக்கலாம். மிதமானதை ஒரு வாரம் கரப்பானுக்குப் போடுவது வேறு. அங்கே லாபம் சொறிவது நிற்பது, அதுதான் பரவலைக் குறைக்கிறது. அவர் சொன்னதில் ஒன்றை ஏற்கிறேன்: டாக்ரோலிமஸ் வகை ஆயின்மென்ட் வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று இதற்கு எடுத்துப் போடாதீர்கள். அது அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கும் மருந்து.

மார்ச் 9

எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை எப்போது? சொறிந்து சொறிந்து ரத்தம் வந்தால், கண்ணோரத்தில் இருந்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால், பெரியவர்களுக்குப் பிறப்புறுப்பில் வந்தால், குழந்தை வெட்கப்பட்டு ஒதுங்க ஆரம்பித்தால். கடைசிக் காரணத்தைச் சிலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். எட்டு வயசுக் குழந்தை சட்டை மாற்ற மறுப்பது மருத்துவக் காரணம்தான்.

சுரண்டி எடுப்பது. வளைய முனை கொண்ட சிறு கருவியால் டாக்டர் பருவை அடியோடு வழித்து எடுப்பார். பத்துக்குள் இருந்தால் இதுதான் வேகம். வலி குறைய லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த மரக்கச் செய்யும் க்ரீமை ஒரு மணி நேரம் முன்பே பூசி, பிளாஸ்டிக் படலத்தால் மூட வேண்டும். தவறு நடப்பது இங்கே. உடம்பெல்லாம் பரு இருக்கிறதே என்று உடம்பெல்லாம் க்ரீம் பூசிவிடுகிறார்கள். 1 முதல் 6 வயசு வரை, 10 கிலோவுக்கு மேல் உள்ள குழந்தைக்கு மொத்த உச்சவரம்பு 10 கிராம், 100 சதுர சென்டிமீட்டர், 4 மணி நேரம். அதற்குக் கீழே எடை இருந்தால் இன்னும் குறைவு. கரப்பான் உள்ள தோல் மருந்தை வேகமாக உறிஞ்சும். அளவு மீறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உதடும் நகமும் நீலம் பாயும், அது அவசர சிகிச்சைக்கான நிலை. ஆகவே முதல் தடவை எந்தப் பருக்கள் என்று டாக்டர் குறித்துக் கொடுத்த பிறகு அவற்றில் மட்டும் பூசுங்கள்.

எடுத்த பிறகு 2 முதல் 4 வாரத்தில் மறுபடி காட்ட வேண்டும். அப்போது தெரியும் புதியவை பெரும்பாலும் முன்பே தொற்றி உள்ளே இருந்தவை. "எடுத்தும் திரும்ப வந்துடுச்சு" என்று சிகிச்சையைக் குறை சொல்வது பாதி இதனால்தான்.

மார்ச் 10

மருந்துகள்.

கேந்தாரிடின்: வண்டிலிருந்து கிடைக்கும் கொப்புளமாக்கும் பொருள். 0.7 சதவீதக் கரைசலை அமெரிக்க மருந்துத் துறை 2023 ஜூலையில் இதற்கென்றே அனுமதித்தது. டாக்டர் கையால் மட்டும். ஒவ்வொரு பருவிலும் துளி வைத்து, முழுக்கக் காய விட்டு, 24 மணி நேரத்தில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதற்குள் கொப்புளமோ கடும் வலியோ வந்தால் காத்திருக்காமல் முன்னாலேயே கழுவிவிடலாம். 3 வாரத்துக்கு ஒருமுறை. வைக்கும்போது வலிக்காது, கொப்புளம் பின்னால் வரும். அதை உடைக்கக் கூடாது. கண்ணருகே, வாயில், மடிப்புகளில் வைக்கக் கூடாது. பூசிய இடத்தைக் குழந்தை நக்கவோ கண்ணைத் தேய்க்கவோ விடக் கூடாது. மேலே பிளாஸ்திரி ஒட்டுவதும் தவறு, மருந்து பரவிப் பெரிய கொப்புளமாகும்.

பெர்டசைமர் ஜெல், 10.3 சதவீதம்: 2024 ஜனவரியில் அதே துறையின் அனுமதி. நைட்ரிக் ஆக்சைடு வெளியிடும் மருந்து. வீட்டிலேயே நாளுக்கு ஒருமுறை, 12 வாரம் வரை. எரிச்சல் சகஜம்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, 5 அல்லது 10 சதவீதம்: நுனித் தூரிகையால் பருவில் மட்டும். சுற்றுத் தோலுக்கு முன்னதாக வாஸ்லின் பூசிக்கொள்ளுங்கள். பரு சிவந்ததும் நிறுத்த வேண்டும். "இன்னும் விழலையே" என்று தொடர்ந்து பூசுவதால்தான் புண்ணாகித் தழும்பு விழுகிறது. சிவந்துவிட்டால் மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

இமிகுவிமோட்: குழந்தைகளுக்கு வேண்டாம். குழந்தைகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்ததில் வெறும் க்ரீமை விட மேலாக இல்லை. எரிச்சல்தான் மிச்சம்.

மார்ச் 11

திரவ நைட்ரஜனை விட்டுவிட்டேன். 5 முதல் 10 விநாடி உறைய வைப்பார்கள். வேலை செய்யும், ஆனால் சிறு குழந்தை தாங்காது. மாநிறம், கருநிறத் தோலில் வெள்ளைத் திட்டு மாதக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேல் நிற்கும். பருவே தழும்பில்லாமல் போகக்கூடியது என்னும்போது, முகத்தில் இதைச் செய்துகொள்ளும் முன் டாக்டரிடம் நிறமாற்றம் பற்றி நேராகக் கேளுங்கள்.

அரைத்துப் பூசும் காரமான எதுவும் வேண்டாம். அமிலமோ காரமோ, எரிக்கும் பொருளுக்கு வைரஸ் எது, தோல் எது என்று தெரியாது.

ஏப்ரல் 19. கேள்வி போட்டவர்

அவசரம். விலாவில் நாலஞ்சு பரு திடீர்னு சிவந்து வீங்கி, சீழ் வெச்ச மாதிரி இருக்கு. ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கணுமா?

ஏப்ரல் 19, உடனே

காய்ச்சல் இருக்கிறதா? குழந்தை விளையாடுகிறானா? சிவப்பு பருவைச் சுற்றி மட்டும்தானா, அகலமாகப் படர்கிறதா?

ஏப்ரல் 19, சற்று நேரம் கழித்து

காய்ச்சல் இல்லை, விளையாடுகிறான், சிவப்பு பருவளவில் நிற்கிறது என்கிறீர்கள். நல்ல செய்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். உடம்பு வைரஸைக் கண்டுபிடித்துவிட்டது. மார்ச் 3 இரவு எழுதிய அந்த விழிப்பு இதுதான். இந்தச் சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பாக்டீரியா இருக்காது. சில வாரங்களில் இந்தப் பருக்கள் பொருக்குத் தட்டி விழும், மற்றவையும் பின்தொடரும். வெதுவெதுப்பான ஈரத்துணி, 10 நிமிஷம், நாளுக்கு ரெண்டு முறை. அந்தத் துணியை வேறு யாரும் தொடக் கூடாது. பிதுக்காதீர்கள்.

ஒரு பால்பாயின்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள். நாளைக்குச் சிவப்பு கோட்டைத் தாண்டிப் படர்ந்திருந்தால், தொட்டால் கொதித்தால், வலி ஏறினால், தோலில் சிவப்புக் கீற்று ஓடினால், தேன் நிறப் பொருக்கு படிந்தால், காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டர். அது நிஜமான பாக்டீரியா தொற்று.

ஏப்ரல் 27

முழங்கை, முழங்காலில் பொடிப்பொடியாகச் சிவந்த, அரிக்கும் பருக்கள் கூட்டமாக வந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். நடுக்குழி இல்லை, ஒரே சமயத்தில் வந்திருக்கிறது என்றால் புதிய பாலுண்ணியாக இருக்க வாய்ப்பு குறைவு. வைரஸுக்கு எதிராகக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தியின் எதிரொலி இப்படி வருவதுண்டு. டாக்டரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். அரிப்புக்குத்தான் மருந்து.

மே 2

பெரியவர் ஒருவர் அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் வந்திருப்பதாக எழுதியிருக்கிறார். பெரியவர்களுக்கு அந்த இடத்தில் வருவது பெரும்பாலும் உடலுறவு வழியாக. குற்றம் கண்டுபிடிக்க இதில் ஒன்றும் இல்லை, ஆனால் மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கும் சேர்த்துச் சோதிப்பது முறை. இணையரும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆணுறை உதவும், முழுக் காப்பு இல்லை, மூடாத தோல் வழியாகப் பரவும். அந்தப் பகுதியில் சவரம் செய்வதை உடனே நிறுத்துங்கள், ஒரு பிளேடு ஓட்டத்தில் ஒரு வரிசையே கிளம்பும். போடோஃபிலோடாக்சின் 0.5 சதவீதம் எழுதிக்கொடுப்பதுண்டு. கர்ப்பிணிகளுக்கு அது கூடவே கூடாது.

முகத்தில் நிறைய, அல்லது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரியதாக, மருந்துக்கு அசையாமல் இருந்தால் பெரியவர்கள் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவருக்கு இதே தோற்றத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைத் தொற்றும் வரும். காய்ச்சலோ தலைவலியோ சேர்ந்தால் போட்டோ அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

மே 3

கண்ணோரம் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டேன், போதாது. இமை விளிம்பில் ஒரே ஒரு பரு இமைமுடிக்குள் ஒளிந்திருந்தாலும், அதிலிருந்து உதிர்வது கண்ணுக்குள் விழுந்து வாரக்கணக்கில் கண் சிவப்பு தரும். சொட்டு மருந்து மாற்றி மாற்றிப் போட்டும் போகாத ஒற்றைக் கண் சிவப்பு என்றால் இமை விளிம்பைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பருவை எடுப்பதுதான் சிகிச்சை, கண் டாக்டர் செய்வார். வீட்டு மருந்து எதுவும் அங்கே நெருங்கக் கூடாது.

மே 3, பின்குறிப்பு

மருவுக்கும் இதற்கும் வித்தியாசம் கேட்டவருக்கு: மரு சொரசொரப்பு, கரும்புள்ளிகள் தெரியும், நடுக்குழி இல்லை. பாலுண்ணி வழவழப்பு, பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டர். குழி தெரியாத சின்னதில் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். சின்னம்மை என்றால் காய்ச்சலோடு ஓரிரு நாளிலேயே உருமாறும், இது வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். வயதானவருக்கு ஒற்றைப் பரு மெல்ல வளர்ந்தால் பாலுண்ணி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், தோல் புற்றுநோயின் ஒரு வகை அதே முத்துப் பளபளப்போடு வரும்.

ஜூன் 14. கேள்வி போட்டவர்

விலாவில் எல்லாம் போயாச்சு. அக்குளில் மூணு மட்டும். போன இடத்தில் சின்னச் சின்னக் குழியும் வெளுப்பும் இருக்கு. தங்கச்சிக்கு இதுவரை இல்லை.

ஜூன் 14, இரவு

வெளுப்பு சில மாதத்தில் சமமாகும். அம்மைத் தழும்பு மாதிரியான குழி சிலருக்கு நிற்கும், சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும். சொறிந்து புண்ணான இடத்தில் அது அதிகம்.

மூன்று பரு இருக்கும்வரை தொற்றும் உண்டு. தனித் துண்டு, தனிக் குளியல் தொடரட்டும். கடைசிப் பரு விழுந்து தோல் மூடிய பிறகு அதிலிருந்து பரவாது. ஆனால் தோலுக்குள் கிளம்பிக்கொண்டிருப்பது வேறு ஏதும் இருக்கலாம் என்பதால் அதற்குப் பிறகும் 2 மாதம் துண்டைத் தனியாகவே வைத்து, மாதப் போட்டோவையும் எடுத்து வாருங்கள். தங்கச்சியின் அக்குள், முழங்கால் பின்புறம், தொடை இடுக்கு மூன்றையும் குளிப்பாட்டும்போது பாருங்கள். ஒன்றிரண்டு தெரிந்த உடனே காட்டினால் சுரண்டி எடுப்பதா வேண்டாமா என்று நிதானமாக முடிவு செய்யலாம். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி தொற்றாது என்ற உத்தரவாதம் இல்லை, அதனால் பையனையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.